நெஸ்ட் பால் காப்பாற்றும் என்று நம்பினேன்

போக்கிமான் கார்டு விளையாட்டுப் போட்டிக்கு நானே அடுக்கிய டெக்கோடு, அதாவது கார்டுக் கட்டோடு, போனேன். 60 கார்டில் பேசிக் போக்கிமான், அதாவது நேராகக் களத்தில் இறக்கக்கூடியவை, ஆறே ஆறு. கட்டிலிருந்து பேசிக்கைத் தேடி எடுக்கத்தான் நெஸ்ட் பால் என்ற கார்டு நான்கு இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

முதல் ஆட்டத்திலேயே கையில் வந்த ஏழு கார்டில் பேசிக் ஒன்றுகூட இல்லை. நெஸ்ட் பால் மட்டும் இரண்டு! ஆனால் பேசிக் இல்லாமல் ஆட்டமே தொடங்காது, அப்புறம் அதை எங்கே போடுவது? கையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி கலைத்தேன். அப்படி மூன்று முறை. இப்படி மறுபடி கலைப்பதற்கு மல்லிகன் என்று பெயர். ஒவ்வொரு மல்லிகனுக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். எதிரே இருந்த பொடியன் மூன்றையும் எடுத்துக்கொண்டு "சாரி அங்கிள்" என்றான்.

இரவு கணக்குப் போட்டேன். ஆறு பேசிக் என்றால் முதல் கை வெறுங்கையாக வர 46 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டு என்றால் 19தான். சரி என்று ஆசைக்குச் சேர்த்த ஸ்டேஜ் 2 (பேசிக்கிலிருந்து வளர்ந்த பெரிய போக்கிமான்) கார்டு மூன்றையும், ஒற்றையாகக் கிடந்த டிரெய்னர் என்ற உதவிக் கார்டு மூன்றையும் மனசில்லாமல் உருவினேன். அந்த இடத்தில் ஆறு பேசிக்.

அடுத்த போட்டியில் நான்கு சுற்றில் ஒரே மல்லிகன். இரண்டு வெற்றி. அந்தப் பொடியனிடம் மட்டும் மறுபடி தோற்றேன்.