மேசையில் வழக்கு வந்தால்: வம்பயர் கார்ட் ஆட்டத்தில் பிணக்குத் தீர்க்கும் முறை

304 கார்ட் ஆட்டம் விளையாடும்போது ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பதில் ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. யார் முறை, யார் சொல்லி முடித்துவிட்டார் என்பதில்தான் குரல் உயரும். ‘வம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்’ ஆட்டத்திலும் அதுவேதான். 1994இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து ‘ஜிஹாட்’ என்று வெளிவந்து, அடுத்த வருடமே பெயர் மாறிய ஆட்டம் இது. கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்ற வழக்கு வாசித்தவுடன் தீரும். எந்த நேரத்தில் போட்டது என்ற வழக்குத்தான் கல்லடியிலும் கல்முனையிலும் ஒரு பின்னேரத்தையே தின்றுவிடும்.

வழக்கு எழுந்த உடனே எல்லோரும் கைக்கார்டைக் கவிழ்த்து வையுங்கள். போட்ட கார்ட் போட்ட இடத்திலேயே கிடக்கட்டும், எரிந்த குவியலுக்கு (பாவித்து முடிந்த கார்டுகள் சேரும் இடத்துக்கு) போகக்கூடாது. இந்த ஆட்டத்தில் ஒரு கார்ட் போட்டால் உடனே அதற்குப் பதிலாக இன்னொரு கார்ட் எடுப்பதுதான் வழமை, கை 7ஆகவே இருக்க வேண்டும். பின்னுக்குத் திரும்ப முடியாமல் போவதும் அதனால்தான். பதில் கார்டை இன்னும் கையில் சேர்க்கவில்லையென்றால் கவிழ்த்துத் தனியே வையுங்கள், பிழையைத் திருத்தலாம். சேர்த்துக் கலந்துவிட்டால் திருப்பாதீர்கள். அந்த ஆள் புதிய கார்டைக் கண்டுவிட்டார், இனிப் பழைய நிலை கிடையாது. இருக்கிற இடத்திலிருந்து ஆடுவதே நியாயம்.

அடிக்கடி வருகிற வழக்கு இது. ஒருவரின் வம்பயர், இடப்பக்கத்தில் இருக்கும் ஆளை, அதாவது அவருடைய இரையை, 1 பிளீட் பண்ணப் போகிறது: ‘பூல்’ என்ற உயிர்ப்புள்ளியில் 1 குறைக்கப் பார்க்கிறது. இரை அதைத் தடுக்கவில்லை, அதாவது புளொக் பண்ணவில்லை. பிளீட்காரரின் கையில் கொண்டிஷனிங் என்ற கார்ட் இருக்கிறது, வம்பயருக்கு டொமினேட் என்ற ஆற்றல் உயர்நிலையில் இருந்தால் பிளீட்டை 3 கூட்டும். அவர் அதைப் போடாமல் “பாஸ்” என்கிறார். காரணம் நல்ல காரணம்தான்: முதலே 4 ஆக்கினால், இரை டிஃப்ளெக்‌ஷன் போட்டு அந்த 4ஐயும் வேறொருவரின் தலையில் கட்டிவிடும். ஆனால் இரையும் “பாஸ்” என்கிறது, மற்றவர்களிடமும் ஒன்றுமில்லை. அப்போது கேட்கும் குரல்: “பொறுங்க, மறுகா கொண்டிஷனிங் போடத்தான் இருந்தன்!” 

“இல்ல மனே, நீ பாஸ் எண்டுட்டாய்.”

இரண்டாவது ஆள் சொல்வதே சரி. வாய்ப்பு முதலில் செயல் செய்பவருக்கு, பிறகு இலக்கானவருக்கு, பிறகு மற்றவர்களுக்கு வலஞ்சுழியாக. யாராவது ஒரு கார்ட் போட்டால் வாய்ப்பு மறுபடி செயல் செய்பவரிடம் வரும். ஒருவருமே போடாமல் வட்டம் முடிந்தால் கதவு பூட்டியாயிற்று, பிளீட் 1தான். இரை டிஃப்ளெக்‌ஷன் போட்டிருந்தால் கொண்டிஷனிங் போடத் திரும்ப இடம் கிடைத்திருக்கும். அதோடு, புதிதாக இலக்கானவர் தன் மினியனை (வம்பயர் போன்ற தன் பக்கத்து ஆளை) கொண்டு புளொக் பண்ணலாம். இதை மறந்து பூலைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த சண்டை தொடங்கும்.

ஆகவே “பாஸ்” என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். தலையாட்டுவது, ம் கொட்டுவது ஒன்றும் செல்லாது. புளொக்குக்கும் இதே கண்டிப்பு: இனிப் புளொக் இல்லை என்று சொன்னபின் மனம் மாற முடியாது.

யார் தீர்ப்பது? ஐந்து பேர் மேசையில் ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் வேட்டையாள், இடப்பக்கம் இரை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவருக்குள் வழக்கு என்றால், எதிரே ஒரே ஒருவர் மட்டும் அந்த இருவருக்கும் இரையுமல்ல, வேட்டையாளுமல்ல. அவரிடம் கேளுங்கள். நான்கு பேர் என்றால் அப்படி ஒருவர் இல்லை. ஏற்கெனவே தோற்று வெளியேறியவர் இருந்தால் அவரைப்போல நல்ல நடுவர் கிடையாது. மூன்று நிமிடத்தில் முடிவு வராவிட்டால் நாணயம் சுண்டி ஆட்டத்தைக் கொண்டுபோங்கள், விதியைப் பிறகு தேடலாம். போட்டி ஆட்டத்துக்கு 2 மணி நேரம்தான். நேரம் முடிந்தால் மிஞ்சி நிற்பவர்களுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. முன்னணியில் நிற்பவர் வழக்கை இழுத்தால் அதுவும் ஒருவகை அளாப்பல்தான்.

கார்ட் எழுத்தும் விதிப்புத்தகமும் மோதினால் கார்டே வெல்லும். ஆனால் எந்த அச்சின் எழுத்து? பழைய கார்டுகளில் ‘டெப்’, ‘அன்டெப்’ (கார்டைச் சாய்த்தல், நிமிர்த்தல்) என்றிருக்கும், இப்போது ‘லொக்’, ‘அன்லொக்’. ஒரே கார்டின் இரண்டு அச்சு வேறுபட்டால் ஆகப் புதிய எழுத்துக்கே மதிப்பு, கையில் இருப்பது பழையதானாலும். விதிப்புத்தகத்தை முதலே ஃபோனில் இறக்கி வையுங்கள். மார்கழி மழைக்குக் கரண்ட் போனால் சிக்னலும் சேர்ந்தே போகும்.

ஆட்டத்துக்குள் வரும் வாக்கெடுப்பில் இரண்டு விடயம் போதும்: போட்ட வாக்கைத் திரும்ப எடுக்க முடியாது, சமமாக வந்தால் பிரேரணை தோல்வி. பதவியுள்ள வம்பயர்களில் பிரைமோஜனுக்கு 1, பிரின்ஸுக்கு 2, ஜஸ்டிகாருக்கு 3 என்று கொப்பியில் ஆதரவு ஒரு பக்கம், எதிர் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டே வாருங்கள்.

“இந்தச் சுற்று உன்னைத் தொடமாட்டன்” என்ற வாக்குறுதி முறிந்தால் நடுவரிடம் கொண்டுவராதீர்கள். பேரம் பேச விதி இடம் தருகிறது, நிறைவேற்றித் தரும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தாது. மனம் நோகும், ஆனால் அது வழக்கல்ல.

பூல் எண்ணிக்கைச் சண்டை வராமலிருக்க மஞ்சாடி விதை நல்லது. சிவப்பு, ரத்தத்துக்கும் பொருந்தும். ஆளுக்கு 30 என்று 150, பொதுக் கிண்ணத்துக்கு இன்னுமொரு 100. ஐந்தைந்தாகக் குவித்து வைத்தால் எதிரே இருப்பவரும் ஒரு பார்வையில் எண்ணுவார். பிளீட் முடிந்ததென்று இருவரும் சொன்னபிறகே விதையில் கை வையுங்கள்.

நாணயம் சுண்டி முடித்த வழக்கை அன்றிரவே தேடி, திகதியும் கார்ட் பெயரும் சரியான விடையுமாகக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிழமை அதே கார்ட் கட்டாயம் வரும்.