டால், எத்: டையாப்லோ 2-இல் முதல் ரூன்வேர்டு செய்வது எப்படி?

தரையில் கிடக்கும் சின்னக் கல். மேலே புரியாத ஓர் எழுத்து. ‘இதை வைத்து என்ன செய்ய?’ என்று கடையில் விற்றுவிடாதீர்கள். டையாப்லோ 2 கணினி விளையாட்டுக்கு 2001-இல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கத்தில்தான் இந்த ரூன்கள் வந்தன. எல் தொடங்கி ஸோட் வரை 33 இருக்கின்றன. சிலவற்றை ஆயுதத்திலோ கவசத்திலோ உள்ள சாக்கெட்டுகளில், அதாவது குழிகளில், சரியான வரிசையில் பதித்தால் அது ஒரு ‘சொல்’ ஆகிவிடும், அதுதான் ரூன்வேர்டு. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது கவசத்தில் செய்யும் ஸ்டெல்த். செலவு குறைவு, பலன் அதிகம்.

1. ரூன் சேர்க்க

தேவை டால் ஒன்று, எத் ஒன்று. ஆட்டத்தின் முதல் பகுதியான முதல் ஆக்ட்டில், பிளாக் மார்ஷ் என்ற இடத்தில் ஒரு பாழடைந்த கோபுரம் இருக்கிறது. அதன் அடியில் ஐந்து தளம் இறங்கினால் கவுன்டஸ் என்ற எதிரி. ரூன் கொடுப்பதில் தாராளம்! ஆனால் செத்த மறுநொடி வெடிப்பாள், உயிர் குறைவாக இருந்தால் பக்கத்தில் நிற்காதீர்கள். கிடைக்கவில்லையா? சேவ் செய்து வெளியேறி, திரும்ப வந்து இன்னொரு தடவை இறங்குங்கள். கையில் ‘இத்’ ரூன் மூன்று இருந்தால், பொருள்களைச் சேர்த்து வேறொன்றாக்கும் ஹோராட்ரிக் கியூப் பெட்டியில் போட்டு ஒரு டால் ஆக்கிக்கொள்ளலாம்.

2. கவசம் தேட

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான். சாக்கெட் சரியாக இரண்டு இருக்க வேண்டும், மூன்று இருந்தால் ஆகாது. பெயர் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். நீல நிறப் பெயர் என்றால் அது மந்திரப் பொருள். சாக்கெட் இரண்டு இருந்தாலும் அதில் ரூன்வேர்டு அமையாது. லெதர் ஆர்மர் போன்ற மட்டமான கவசமே போதும்.

3. பதிக்க

முதலில் டால். அப்புறம் எத். ரூனை எடுத்துக் கவசத்தின் மேல் வைத்துச் சொடுக்கினால் போதும். சரியாக அமைந்தால் பெயர் பொன்னிறத்தில் ‘ஸ்டெல்த்’ என்று மாறும்.

வரிசையை மாற்றினால்? நான் மாற்றினேன். அவசரத்தில் எத் முதலில் போய்விட்டது. விஷத்துக்கு எதிராக 30 சதவீதம், மானா (மந்திர சக்தி) 15 சதவீதம் வேகமாக ஊறும்; அந்த ரூன்கள் தனித்தனியாகக் கொடுப்பது அவ்வளவுதான். ஓட்டத்திலும் மந்திரம் வீசுவதிலும் கிடைக்கும் 25 சதவீத வேகம், டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) ஆறு புள்ளி, எல்லாம் போச்சு. பதித்த ரூனைத் திரும்ப எடுக்க வழியில்லை. ‘ஹெல்’ என்ற ரூனையும், ஊருக்குத் திரும்ப உதவும் டவுன் போர்ட்டல் சுருளையும் கவசத்தோடு கியூபில் போட்டால் சாக்கெட் காலியாகும், ஆனால் உள்ளே இருந்த ரூன்கள் அழிந்துவிடும். ஸ்டெல்துக்காக ஒரு ஹெல்லைச் செலவழிப்பது வீண். பேசாமல் மறுபடி கோபுரத்துக்கே போய்விடலாம்.

இன்னொன்று, 17-ஆம் லெவல் வந்த பிறகுதான் இதை அணிய முடியும். அதற்கு முன்பே செய்துவிட்டால் பெட்டியில் போட்டு வையுங்கள்.