பத்தாவது படிக்கிற பையன் ‘அந்த மாதிரி’ காமெடிப் படம் கேட்டால்

எங்கள் வீட்டில் படம் அதிகம் பார்க்கிறவன் நான் என்பதால் அக்காவிடமிருந்து அடிக்கடி இந்தக் கேள்வி வரும்: “ஏதோ இங்கிலீஷ் காமெடியாம், கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்களாம், விடலாமாடா?” முன்பெல்லாம் ட்ரெய்லரை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுவேன். அப்படி ஒரு தடவை சரி என்று சொல்லப்போய், ஹாலில் நாலு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில் இருபதாவது நிமிஷம் “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்துபோன அத்தான் படம் முடியும்வரை திரும்பி வரவே இல்லை. இப்போது நான் செய்வது இதுதான்.

முதலில் சான்றிதழ். தியேட்டர் என்றால் பாதி வேலை முடிந்தது: ‘ஏ’ படத்துக்கு 18 வயது நிறையாதவர்களை விடக்கூடாது, நீங்கள் கூடவே போனாலும்தான். குழப்பமெல்லாம் ‘யு/ஏ’வில். முன்பு அது ஒரே பிரிவு, 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். 2023இல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் பழைய படத்தில் வெறும் ‘யு/ஏ’ என்றிருந்தால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஓடிடி கதை வேறு. அங்கே தணிக்கை வாரியம் இல்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தந்த நிறுவனமே வயதுப் பிரிவு போட்டுக்கொள்கிறது, கூடவே என்ன காரணம் என்றும் சொல்ல வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் சின்ன எழுத்தில் கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி, போதைப்பொருள் என்று வருகிறதே, அதைப் படியுங்கள். அப்புறம், “டிவியில பார்த்தேனே, ஒண்ணுமே இல்லையே” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ‘ஏ’ படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, வெட்டி வேறு சான்றிதழ் வாங்கித்தான் போடுவார்கள். ஓடிடியில் இருப்பது வெட்டாத பிரதியாக இருக்கலாம்.

ஹாலிவுட் படத்தில் ‘ஆர்’ என்று இருந்தால் அதை நம்ம ஊர் ‘ஏ’ என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடு வந்தால் பார்க்கலாம். அந்த ‘எஃப்’ வார்த்தை ஒரு தடவைக்கு மேல் வந்தாலே பொதுவாக ‘ஆர்’ கொடுத்துவிடுவார்கள். ஆக, வாய் மட்டும் மோசமான படமும் ‘ஆர்’தான், எல்லாமே மோசமான படமும் ‘ஆர்’தான். எது என்று பிரித்துப் பார்க்க ஐஎம்டிபி என்ற சினிமா தகவல் தளத்தில் பெற்றோருக்கான பகுதி இருக்கிறது, எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று பார்வையாளர்களே எழுதி வைத்திருப்பார்கள். காமன் சென்ஸ் மீடியா என்ற தளத்தில் எந்த வயதுக்கு என்று போட்டிருப்பார்கள், பிள்ளைகள் எழுதிய விமர்சனமும் இருக்கும். எனக்கு அதுதான் அதிகம் உதவுகிறது.

இதெல்லாம் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். அதை வைத்துப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு நீங்களே முதலில் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி ஜோக் கொச்சை வழக்கில் இருக்கும், காதில் விழாது. தமிழ் டப்பிங்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வசனம் சாதுவாகியிருக்கும், காட்சி அப்படியேதான் இருக்கும்.

பையன் தன் உடம்பைப் பற்றியே தெரியாமல் திணறுவது, பந்தாவாகப் பேசிவிட்டு மாட்டிக்கொண்டு அசடு வழிவது மாதிரியான ஜோக்குகள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பதினைந்து, பதினாறு வயதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ‘நமக்கு மட்டும்தான் இப்படியா’ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறவனுக்கு அது ஒரு நிம்மதிகூட. ஆனால் பெண்கள் உடை மாற்றுவதை எட்டிப் பார்ப்பது, குடித்துவிட்டு நிதானமில்லாமல் இருக்கிற பெண்ணை வாய்ப்பு என்று நினைப்பது, முடியாது என்று சொன்னவளைத் துரத்துவது எல்லாம் படத்தில் குறும்பு என்று போனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதில் ஒரு முத்தக் காட்சிகூட இல்லாவிட்டாலும். (இந்தக் கணக்கில் பார்த்தால் பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்த்த நம்ம ‘யு’ படங்கள் சிலவும் தேறாது.) திருநங்கைகள், குண்டாக இருப்பவர்கள், கறுப்பாக இருப்பவர்கள் வந்தாலே சிரிப்பு என்று வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடைசி அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். இந்த வகைப் படங்கள் பல அங்கேதான் திடீரென்று மனம் திருந்தும். அது நிஜமாகவே திருந்துகிறதா, இல்லை ஒரு மன்னிப்பு வசனத்தோடு சரியா என்று பாருங்கள்.

பதின்மூன்றும் பதினாறும் ஒன்றல்ல என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பலரும் கலந்துகட்டிக் குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு: பையனுக்குச் சரியான படம் ஹாலுக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குச் சிரிப்பும் வராது, பாவம். அவன் நண்பர்களோடு பார்க்கட்டும். நீங்கள்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே, ரெண்டு நாள் கழித்து வண்டியில் போகும்போது “அந்தப் பார்ட்டி சீன்ல அவன் செஞ்சது சரியாடா?” என்று கேட்டால் போதும். முகம் பார்க்காமல் பேசினால் பதில் வரும்.

வேண்டாம் என்றால் எந்தக் காட்சிக்காக என்று சொல்லிவிடுங்கள். வெறும் ‘வேண்டாம்’ என்றால் அன்று ராத்திரியே டெலிகிராமில் எடுத்துவிடுவான். ஓடிடி கணக்கில் வயது வரம்பும் பின் நம்பரும் போடலாம், போடுங்கள், ஆனால் அது அவனுடைய பிறந்த வருஷமாக இருக்க வேண்டாம். அக்கா அதைத்தான் வைத்திருந்தாள்.