ஐஸ்லாந்து மெட்டில் புரோகிரசிவ் ராக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்து நாட்டுப்பாடலை எடுத்து புரோகிரசிவ் ராக் (சிக்கலான அமைப்பும் தாளமும் கொண்ட ராக் இசை) செய்யும் இளம் குழுக்கள் எனக்கு டெமோ அனுப்புவது உண்டு. ஆரம்பத்தில் நான் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். சுதி விலகல், தாளம் தப்புதல் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றதைப் பேசுவோம்.

இரட்டைக் குரலுக்குக் கார்டு (chord: மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போடுவது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. த்வீசோங்குர் என்பது இரண்டு குரல்களில் பாடும் பழைய முறை. இரண்டாம் குரல் பெரும்பாலும் ச–ப இடைவெளியிலேயே கூட வரும். நடுவில் மேலே இருந்த குரல் கீழே போகும், கீழே இருந்தது மேலே ஏறும். பல மெட்டுகள் லிடியன் மோடில் இருக்கும். நம் கணக்கில் கல்யாணியின் சுரங்கள், பிரதி மத்யமம்.

கீபோர்டுகாரருக்கு அந்த மத்யமம் உறுத்துகிறது. எஃப் சுரத்தை ச ஆக வைத்த மெட்டில் அந்த மத்யமமாக பி வந்தால் அதை அரைச்சுரம் இறக்கி பி ஃபிளாட்டாக மாற்றி, அடியில் எஃப் மேஜர் கார்டு வைத்துவிடுகிறார். கல்யாணி போய் சங்கராபரணம் வந்துவிடுகிறது. கேட்க இனிமைதான், ஆனால் அது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படிப் போட்ட கார்டுகளின் மேல் டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்தது. கடைசியில் கிடாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றினார்கள். ஒரே இரைச்சல். கார்டின் நடுச்சுரம் டிஸ்டார்ஷனில் கலங்கிப்போகும். ச–ப மட்டும் என்றால் 3:2 விகிதம், எவ்வளவு ஏற்றினாலும் தெளிவாக நிற்கும். கிடார்காரர்கள் பவர் கார்டு என்பது அதைத்தானே! கிடாருக்கு வேண்டியது மெட்டுக்குள்ளேயே இருந்தது. கார்டை எடுத்தால் பேஸ் மாற வேண்டும், சுரம் திருத்திய குரலையும் மறுபடி பாட வேண்டும். ஸ்டூடியோ வாடகை மொத்தமும் போச்சு.

முதலில் இரண்டு குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். அவை பாடாத நடுச்சுரத்தை எந்த வாத்தியமும் சேர்க்க வேண்டாம்.

பாட்டை 7/8 கிளிக்கில் (ஏழு எண்ணிக்கையைத் தட்டிக் காட்டும் ஒலியில்) அடைப்பது

ரீமுர் என்பது கதையைச் செய்யுளாகப் பாடுவது. ஐஸ்லாந்து மொழியில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும். மோனையும் கட்டாயம்: ஒரு வரியில் இரண்டு, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒன்று. தாளத்தின் அடி அங்கே விழவேண்டும். புரோகிரசிவ் என்றாலே ஒற்றைப்படைத் தாளம் என்று முன்கூட்டியே 7/8 போட்டால், மோனை எழுத்து அடி விழாத இடத்தில் மாட்டிக்கொள்ளும். வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; எண்ணிக்கை தானாக மாறி மாறி வரும், அதுவே உங்கள் தாளம். அப்புறம், செய்யுளின் கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடிப்பார்கள். டிரம்ஸ் நுழையும் அவசரத்தில் அதை வெட்டாதீர்கள்.

சிந்தசைசரில் பனிமூட்டம்

வேண்டாம்.

லாங்ஸ்பில் என்ற ஐஸ்லாந்துத் தந்தி வாத்தியத்தின் சுதித் தந்தியை மிக்ஸிங்கில் அமுக்குவது

அது இல்லாவிட்டால் லாங்ஸ்பில்லே வேண்டாம்.

நோட்டேஷனோடு நின்றுவிடுவது

சிக்லுஃபியோர்துர் ஊரின் பாதிரியார் பியார்னி தோர்ஸ்டெய்ன்சன் 1906–1909இல் வெளியிட்ட தொகுப்பு பெரிய பொக்கிஷம். ஆனால் தாளில் இருப்பது எலும்பு மட்டும். ரேக்யவிக்கின் இதுன் சங்கம் 1935–36இல் இசைத்தட்டுகளில் பதிந்த 200 ரீமுர் மெட்டுகளைக் கேளுங்கள். குரல் எங்கே வழுக்குகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று காது பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு துர்சாஃப்ளொக்குரின் குழுவின் 1978, 1979 ஆல்பங்களைப் போடுங்கள். எகில் ஓலாஃப்சனின் குரலோடு அந்த ராக் குழுவில் பாசூன் என்ற ஊதுகருவியும் இருக்கிறது. அந்தத் தட்டுகள், இந்த ஆல்பங்கள் இரண்டையும் கேட்டு முடிக்கும்வரை கீபோர்டைத் தொடாதீர்கள்.