மாடியில் பீர்க்கும் சுரையும்: பிஞ்சு வெம்பி விழாமல் காய் பிடிக்க வைப்பது எப்படி?

முதல் வருடம் எங்கள் சேலையூர் வீட்டு மாடியில் பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் என் கையை விடப் பெரிது. பூவுக்கும் குறைவில்லை. காய்தான் இல்லை. விரல் நீளப் பிஞ்சு நாலு நாள் பச்சையாக நிற்கும், ஐந்தாம் நாள் நுனியிலிருந்து மஞ்சளாகும், அப்புறம் தொட்டாலே கையோடு வந்துவிடும். ஆடியில் போட்ட விதை. புரட்டாசி முடிவதற்குள் 43 பிஞ்சுகள் அப்படி விழுந்தன. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைத்தேன்.

யார் எதைச் சொன்னாலும் செய்தேன். பஞ்சகவ்யா தெளித்தேன், மீன் அமிலம் விட்டேன், மோரும் தேங்காய்ப்பாலும் புளிக்க வைத்து ஊற்றினேன். கொடிதான் இன்னும் கொழுத்தது. குறை உரத்தில் இல்லை, நான் மாடிக்குப் போகிற நேரத்தில் இருந்தது. அதைத்தான் இந்தப் பதிவில் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முந்தைய வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

எதில் வளர்ப்பது

கொடிக் காய்க்குச் சின்னப் பை போதாது. தக்காளி, கத்தரிக்கு வாங்கிய 12 அங்குலப் பையில் பீர்க்கு முளைக்கும், படரும், இரண்டு காய் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். குறைந்தது 18 அங்குலப் பை வேண்டும். என்னைக் கேட்டால் பையே வேண்டாம் என்பேன். 200 லிட்டர் நீல ட்ரம்மைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் குறுக்கே இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். பை இரண்டு மூன்று வெயில் பார்த்ததும் நார் நாராகப் பிரிகிறது. என் ட்ரம் ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்து, ரசாயன வாடை அடித்தால் தொடாதீர்கள்.

அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, மேலே ஓட்டுத்துண்டோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். ட்ரம்மைச் செங்கல் மேல் வைக்க வேண்டும், தளத்தில் நேராக வைக்கக் கூடாது. மண்ணும் ஈரமும் சேர்ந்து அரை ட்ரம் எண்பது, நூறு கிலோ வரை வரும். அதனால் மாடியின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ ஓடும் ஓரத்தில் வையுங்கள். பழைய வீடு என்றால் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. ட்ரம்முக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இவ்வளவு போதும்.

ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். அதை அப்படியே கலக்காதீர்கள், அதில் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். டீ டிக்காஷன் நிறத்தில் வருகிற தண்ணீர் வெளுத்தால் சரி. பச்சைச் சாணத்தைப் போட்டால் வெள்ளை வெள்ளையாகக் கொழுத்த புழு வரும், வேரைத் தின்றுவிடும். கலவையை நனைத்துப் பத்து நாள் ஆறவிட்ட பிறகே விதை போடுங்கள்.

விதையும் பட்டமும்

ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டுமே பீர்க்குக்கும் சுரைக்கும் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு தை. ஆடியில் போட்டால் காய்க்கிற நேரத்தில் ஐப்பசி மழை வந்து பூவை நனைத்துவிடுகிறது.

பீர்க்கு விதையின் தோல் கெட்டி. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், கொடிகளுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. ட்ரம்மிலேயே ஓர் அங்குல ஆழத்தில் மூன்று விதை போட்டு, முளைத்ததும் திடமான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். ஒரு ட்ரம்முக்கு ஒரு கொடிதான். மனசு கேட்காமல் இரண்டை விட்டால் இரண்டும் மெலியும்.

இரண்டு இலைப் பருவத்தில் செம்மஞ்சள் நிற வண்டு வந்து இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும். காலையில் இலை ஈரமாக இருக்கும்போது அடுப்புச் சாம்பலைத் தூவினால் ஒதுங்கிவிடும். அந்த இரண்டு வாரம் கடந்துவிட்டால் கொடி தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

பந்தலும் நுனி கிள்ளுவதும்

பந்தலை ஆறரை அடிக்கு மேல் போடாதீர்கள். பூவைக் கையால் எட்டித் தொட வேண்டும், அந்த வேலை தினமும் இருக்கிறது. நாலு ஜி.ஐ. பைப், மேலே கொடி வலை. கொடியைக் கட்ட நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், காற்றில் தண்டை அறுத்துவிடும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டுங்கள்.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சுரையில் இது ரொம்ப முக்கியம். தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும், பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம். முதல் தடவை கிள்ளும்போது பதற்றமாக இருக்கும். பத்து நாளில் பக்கக் கிளைகள் நாலாபுறமும் ஓடுவதைப் பார்த்தால் பதற்றம் போய்விடும்.

இப்போது பூ

பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. பீர்க்கில் ஆண் பூக்கள் ஒரே தண்டில் கொத்தாக வரும், பெண் பூ தனியாக நிற்கும். ஆணின் மகரந்தம் பெண் பூவின் நடுவில் படாவிட்டால் அந்தக் குட்டிக் காய் வளராது. நாலைந்து நாளில் வெம்பி உதிரும். நான் எண்ணிய 43 பிஞ்சும் அப்படி விழுந்தவைதான். தோட்டத்தில் தேனீயும் அந்துப்பூச்சியும் இதைச் செய்கின்றன. சுற்றிலும் கான்கிரீட் இருக்கிற மூன்றாவது மாடிக்கு அவை போதுமான அளவு வருவதில்லை.

இதெல்லாம் எனக்கு முதல் வருடமே தெரியும். காணொளிகள் பார்த்து, தூரிகை வாங்கி, தினமும் காலை ஏழு மணிக்கு மேலே போய் ஒவ்வொரு பூவாகத் தடவினேன். இருந்தும் விழுந்தன. பூ ஏன் எப்போதும் தொங்கிப்போய் இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அத்தையும் கூட வந்தார். மணி ஐந்தே முக்கால் இருக்கும். காலையில் மொட்டாகப் பார்த்த பூக்கள் பந்தல் முழுக்க வெளிர் மஞ்சளாக விரிந்திருந்தன. மெலிதாக வாசனை கூட வந்தது. நான் நின்றுவிட்டேன். அத்தைக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “பீர்க்கு பொழுது சாயத்தான பூக்கும். எங்க ஊர்ல மழைக்காலத்துல வெயிலே தெரியாது, இது விரிஞ்சதப் பாத்துத்தான் விளக்கேத்துவோம்” என்றார்.

அத்தை திண்டுக்கல் பக்கம். மூன்று மாதம் நான் பட்ட பாட்டுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். நான் காலையில் தடவியது முந்தின நாள் மாலை விரிந்து, வாடத் தொடங்கிய பூவை. நான் பார்த்த காணொளிகள் எல்லாம் பூசணி வகைகளைப் பற்றியவை. பூசணி விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். எல்லாக் கொடிக்கும் அதே நேரம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அதனால் நீங்கள் வைத்திருக்கும் கொடி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீர்க்கு மாலை ஐந்து மணிக்கு மேல் விரியும். சுரையின் வெள்ளைப் பூவும் பொழுது சாய்ந்துதான் விரியும், இரவெல்லாம் திறந்திருக்கும். அந்த வெள்ளை இருட்டில் பறக்கிற அந்துப்பூச்சிக்காக. புடலும் மாலைக்கு மேல்தான். பாகல், பூசணி, வெள்ளரி மூன்றும் காலைப் பூ. இதில் குழப்பம் தருவது நுரைப்பீர்க்கு. பெயரில் பீர்க்கு இருந்தாலும் அதன் பளிச்சென்ற மஞ்சள் பூ விடியலில் விரியும். விதை பாக்கெட்டில் வெறுமனே பீர்க்கு என்று போட்டு இதைக் கொடுத்துவிடுகிறார்கள். காய் வழவழப்பாக, வரி எடுப்பில்லாமல் இருந்தால் அது நுரைப்பீர்க்கு, காலையில் போங்கள்.

செய்யும் விதம் இதுதான். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். இதழ்களைப் பின்னால் மடக்குங்கள் அல்லது கிள்ளிவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் இருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் நல்ல பூ. பெண் பூவின் நடுவே மூன்றாகப் பிரிந்து லேசாகப் பிசுபிசுக்கும் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பகுதி) இருக்கும். அதன் மூன்று பிரிவிலும் படும்படி மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். தூரிகையை நான் இப்போது தொடுவதே இல்லை. பாதி மகரந்தம் அதன் மயிரிலேயே தங்கிவிடுகிறது, பூவோடு பூவைத் தடவுவதுதான் நிச்சயம். குட்டிக் காயை மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள், நகம் பட்டாலே அழுகும்.

மழை வரும்போல் இருந்தால் தடவிய பூவின் மேல் பேப்பர் கப் ஒன்றைக் கவிழ்த்து மாட்டிவிடுங்கள். மகரந்தம் நனைந்தால் வீண்.

தடவிய காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள். மூன்றாம் நாள் காய் தடித்துக் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது. அத்தை சொன்ன அன்றே ஆறு பூவைத் தடவி ஆறு சிவப்பு நூல் கட்டினேன். ஐந்து நின்றன.

உரம், தண்ணீர்

பூக்கும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து. பூ வந்ததும் குறைத்துவிட்டு மக்கிய உரமும் கொஞ்சம் சாம்பலும் கொடுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும். பஞ்சகவ்யா தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் காலையில். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு வேளை.

பறிப்பது

பீர்க்கு தடவிய பத்துப் பன்னிரண்டு நாளில் பறிக்கலாம். வரி கூர்மையாகி, தோல் மங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். சுரையில் நகம் சுலபமாக இறங்க வேண்டும், மேலே பூனைமயிர் இருக்க வேண்டும்.

சமைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசக்கிற சுரைக்காய் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. ஜூஸ் போட்டுக் குடிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

பிற்சேர்க்கை 1: “கொடி பூத்து இரண்டு வாரம் ஆகிறது, எல்லாம் ஆண் பூ” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது வழக்கம்தான். முதலில் ஆண் பூ வந்து, பிறகே பெண் பூ எட்டிப் பார்க்கும். காத்திருங்கள், உரத்தைக் கூட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை 2: காய் பிடித்த பிறகும் ஒரு பக்கம் சுருங்கி, பிசின் வடிந்து, உள்ளே புழு இருப்பதாக ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். அது மகரந்தக் குறை இல்லை, பழ ஈ. ஊசி குத்தின மாதிரி துளையிட்டு முட்டை வைக்கும். பொறி மாட்டியும் ஓர் ஈ கூட விழவில்லை என்றார். விசாரித்ததில் அவர் வாங்கியது மாந்தோப்புக்கான மெத்தில் யூஜினால் பொறி. கொடிக் காய்க்கு வருகிற ஈ வேறு, அதற்கு க்யூ லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மூன்று ட்ரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் பொறியே சொல்லமாட்டேன். பிடித்த பிஞ்சுக்கு மூன்றாம் நாளே மெல்லிய வலைத்துணிப் பை மாட்டிவிடுங்கள். வெம்பின காயைத் தொட்டிக்கு உரமாகப் போடாதீர்கள், புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகே வெளியே கொட்டுங்கள்.

பிற்சேர்க்கை 3: வேலை முடிந்து வீடு சேர எட்டு மணி ஆகிறது, என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்போதே மேலே போங்கள். பூ திறந்துதான் இருக்கும். எட்டரைக்கு நான் தடவிய பீர்க்கும் பிடித்திருக்கிறது, ஒன்பதரைக்குத் தடவிய சுரையும் பிடித்திருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், ட்ரம் ஓரம் ஈரம் தேடித் தேள் வரும்.