கிரெடிட் கார்டு கடனிலிருந்து மீள்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கார்டு ஸ்டேட்மென்டில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்த பாக்கி, மினிமம் டியூ (அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை). பணம் இறுக்கமாக இருக்கும் மாதத்தில் கண் தானாகவே இரண்டாவதற்குப் போகும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்குப் போட்டால் புரியும். பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி சேர்ந்து பாக்கி 1,03,000 ஆகும், கட்டுவது 5,150. அதில் 3,000 வட்டிக்கே போக, அசலில் குறைவது 2,150 மட்டும். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் இறங்கும், நாமும் இறக்கிக் கட்டுவோம். கார்டில் புதிதாக எதுவும் வாங்காமலே 30 மாதம் இப்படிப் போனாலும் 52,000 சொச்சம் நிற்கும். ஸ்டேட்மென்ட் என்ன கேட்டாலும் அந்த முதல் மாத 5,150-ஐக் குறைக்காமல் கட்டி வந்தால், அதே 30 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஆகவே முதல் வேலை, தொகையை நீங்களே நிர்ணயித்து, சம்பளம் வந்த மறுநாளே போகும்படி ஆட்டோபே போடுவது.

அடுத்த தவறு, அடைத்துக்கொண்டே அதே கார்டில் தேய்ப்பது. முந்தைய பாக்கி நிற்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடைக்காது; இன்று வாங்கிய மளிகைக்கு இன்றிலிருந்தே வட்டி. கார்டை அலமாரியில் பூட்டி வைத்தால் போதாது. ஷாப்பிங் செயலிகளில் சேமித்திருக்கும் கார்டு விவரங்களை அழியுங்கள், மாதச் சந்தாக்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். கார்டில் ரொக்கம் எடுப்பது இதைவிட மோசம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

கையிருப்பு மொத்தத்தையும் கடனில் போட்டுவிடுவதும் சரியல்ல. திடீர் மருத்துவச் செலவு வந்தால் மறுபடி கார்டுதான் வெளியே வரும். ஒரு மாதச் செலவுக்காவது பணம் ஒதுக்கிவிட்டு மீதியைக் கட்டுங்கள். பல கார்டுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் மினிமம் டியூ, மிஞ்சுவதெல்லாம் வட்டி அதிகமான கார்டுக்கு. சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தெம்புக்கு வட்டியில் விலை உண்டு.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு கார்டு பாக்கியை வேறொரு கார்டுக்கு மாற்றுவது, நல்ல வழியாக இருக்கலாம், வகுத்துப் பார்த்த பிறகு. 80,000-ஐ ஆறு மாத வட்டியில்லாச் சலுகைக்கு மாற்றினால் மாதம் 13,334 கட்ட வேண்டும், மாற்றுக் கட்டணம் தனி. முடியாதென்றால் சலுகை முடிந்ததும் மீதிப் பாக்கிக்கு வழக்கமான கார்டு வட்டி ஓடத் தொடங்கும். தனிநபர் கடனில் ‘பிளாட் 12 சதவீதம்’ (அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி) என்றாலும் உஷார்: 24 மாதத் தவணையில் அதன் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.6 சதவீதம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வீட்டை அடமானம் வைத்துக் கார்டு கடனை அடைப்பது. கார்டு கடனுக்குப் பொதுவாக ஈடு கிடையாது. அடமானம் வைத்த நிமிடமே, தவணை தவறினால் வீடு போகும் கடனாக அது மாறிவிடுகிறது. ஓய்வூதியச் சேமிப்பை உடைப்பதும் இந்த ரகம்தான்: பல நாடுகளில் திவாலானாலும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத பணம் அது.

வங்கியிடம் தவணை தவறும் முன்பே பேசுங்கள். வட்டிக் குறைப்பு, தற்காலிகச் சலுகை என்று கேட்க இடமிருக்கும். தவறிய பிறகு ஃபோனை எடுக்காமல் இருப்பதும், நோட்டீஸைப் பிரிக்காமல் வைப்பதும் வழக்கைத்தான் கொண்டுவரும். நீங்கள் ஆஜராகாவிட்டால் தீர்ப்பு எதிர்த்தரப்புக்கே சாதகமாகப் போகலாம். செட்டில்மென்ட்டுக்கு, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிக்க, ஒப்புக்கொண்டால், ‘இந்தத் தொகையோடு கணக்கு முழுமையாக முடிந்தது’ என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாவது முழுதாக அடைத்ததற்குச் சமமாகாது. முன்பணம் வாங்கிக்கொண்டு ‘இனிமேல் கட்டாதீர்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்’ என்கிற ஏஜென்சிகளிடம் போகவே வேண்டாம். அவர்கள் பேசி முடிப்பதற்குள் வட்டியும் அபராதமும் ஏறியிருக்கும்.

செலவைச் சுருக்கியும் ஐந்து ஆண்டில் தீராத கடன் என்றால், சொத்துகளை விற்கத் தொடங்கும் முன்பே திவால் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்குள் சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றுவது, உறவினர் கடனை மட்டும் முந்தி அடைப்பது, ‘எப்படியும் தள்ளுபடிதானே’ என்று கார்டைத் தேய்ப்பது எல்லாம் வினையாகும். நீதிமன்றம் பழைய பரிமாற்றங்களைத் தோண்டிப் பார்த்து ரத்து செய்யலாம், மோசடி என்றும் கருதலாம்.

முழுப் பாக்கியையும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டைப் பாருங்கள். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அதில் சிறு தொகையாக வந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கி வையுங்கள்.