முதல்முறை குரூஸ் போகிறீர்களா? டிக்கெட் விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்

குரூஸ் என்னும் உல்லாசக் கப்பல் பயணத்தின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகை ஒரு ஆளுக்கானது. அதுவும் ஒரே கேபினில் இரண்டு பேர் தங்கினால்தான். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் காலியாக இருக்கும் இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அதோடு துறைமுக வரி, டிப்ஸ், இணையம், கரையில் சுற்றும் செலவு என்று வரிசையாக வரும். எல்லாம் கூட்டினால் டிக்கெட் விலையைப் போல் இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். இதை முன்பதிவுக்கு முன்பே தெரிந்துகொண்டால் கப்பலில் நிம்மதியாக இருக்கலாம்.

1. முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இரண்டு பேர், ஏழு இரவு, உள்பக்கக் கேபின் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்குப் போடும் விதத்தைக் காட்ட எடுத்துக்கொண்ட தொகைகள்தான். நீங்கள் பார்க்கும் கப்பலின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

- டிக்கெட், ஆளுக்கு 700 டாலர்: 1,400
- வரியும் துறைமுகக் கட்டணமும், ஆளுக்கு 150: 300
- டிப்ஸ், ஆளுக்கு நாளுக்கு 18: 252
- ஒரே ஒரு போனுக்கு வைஃபை, நாளுக்கு 20: 140
- மூன்று துறைமுகங்களில் சுற்றிப் பார்க்க, ஆளுக்கு 60 வீதம்: 360
- பயணக் காப்பீடு: 120
- கப்பல் ஏறும் ஊரில் ஒரு இரவு தங்க: 150
- விமான நிலையம், துறைமுகம், ஓட்டல் இடையே போக்குவரத்து: 100

மொத்தம் 2,822 டாலர். 1,400 என்று நினைத்தது இங்கே வந்து நிற்கிறது; விமான டிக்கெட்டும் குடிக்கும் பானங்களும் இதில் இன்னும் சேரவே இல்லை. மேலே பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

டிப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது உங்கள் கணக்கில் தினமும் தானாகவே ஏறும். சாதாரணக் கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். சூட் எனப்படும் பெரிய, சொகுசு அறைகளுக்கு இன்னும் கூடுதல். பெரும்பாலும் குழந்தைக்கும் உண்டு. 'மூன்றாவது, நான்காவது ஆள் இலவசம்' என்ற விளம்பரத்தில் இலவசமாவது டிக்கெட் மட்டும்தான். வரியும் டிப்ஸும் அவர்களுக்கும் முழுசாக வரும்.

2. எந்த மாதம், எந்த வழி

ஜனவரி முதல் மார்ச் வரை குரூஸ் நிறுவனங்கள் சலுகைகளை அள்ளி விடும் காலம். விலைக் குறைப்பு, கப்பலில் செலவழிக்கப் பணம், இலவச வைஃபை என்று ஏதாவது ஒன்றைக் கூடச் சேர்த்துத் தருவார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் விலை ஏறும். அலாஸ்கா வழியில் சீசனின் இரண்டு ஓரங்களான மே, செப்டம்பர் மாதங்கள் நடுக் கோடையைவிட மலிவு.

கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் அதன் உச்சம். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். கப்பல் புயலுக்குள் போகாது, வழியை மாற்றிக்கொள்ளும். அதனால் நீங்கள் ஆசைப்பட்ட தீவு கிடைக்காமல் போகலாம். பயண ஒப்பந்தப்படி அப்படி மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வழக்கமாகத் திரும்பி வருவது அந்தத் துறைமுகத்தின் வரிப் பணம் மட்டும்.

வசந்த காலத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கும், இலையுதிர் காலத்தில் திரும்பவும் கப்பல்கள் இடம் மாறும். அந்தப் பயணங்களில் ஓர் இரவுக்கான விலை மிகக் குறைவு. ஆனால் தொடர்ந்து பல நாள் வெறும் கடல்தான், இறங்கும் இடத்திலிருந்து ஒருவழி விமான டிக்கெட்டும் எடுக்க வேண்டும். முதல் பயணத்துக்கு இது வேண்டாம். மூன்று முதல் ஐந்து இரவு போய்ப் பாருங்கள், கடல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

3. கேபினை வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

உள்பக்கக் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி, சூட் என்று நான்கு வகை. தூங்கவும் குளிக்கவும் மட்டும் அறைக்கு வருகிறவருக்கு ஜன்னலில்லாத உள்பக்கக் கேபின் போதும். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கரையில் இரண்டு நாள் நன்றாகச் சுற்றலாம். அலாஸ்கா, நார்வே போல வழியெல்லாம் மலையும் பனிப்பாறையும் தெரியும் பயணத்துக்கு மட்டும் பால்கனி விலைக்குத் தகுந்தது.

வகையைவிட இடம் முக்கியம். ஒவ்வொரு கப்பலின் தள வரைபடமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கேபின்களே இருந்தால் அது நல்ல அறை. நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் உள்ள அறையில், விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அரங்குக்கும் இரவு விடுதிக்கும் மேலே இருந்தால் நள்ளிரவு தாண்டியும் அதிரும். முன்முனையில் நங்கூரச் சங்கிலியின் உறுமல். வாந்தி, தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம் எடுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அதுதான்.

'உத்தரவாதக் கேபின்' என்று மலிவாக ஒன்று விற்பார்கள். வகை மட்டும் உறுதி, அறை எண்ணை அவர்கள் பிறகு ஒதுக்குவார்கள். தூக்கம் கெட்டால் பரவாயில்லை என்பவர் தாராளமாக வாங்கலாம். 'பார்வை மறைக்கப்பட்டது' என்று குறிப்பிட்ட ஜன்னல் கேபினுக்கு வெளியே பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும். வெளிச்சம் வரும், காட்சி வராது.

4. முன்பணம், கடைசித் தேதி, ஆவணங்கள்

முன்பணம் கட்டிவிட்டு மீதியைப் பயணத்துக்கு இரண்டரை முதல் நான்கு மாதம் முன்பு கட்டச் சொல்வார்கள். அந்தக் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை அதே கேபின் வகையின் விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பல நிறுவனங்கள் செய்து தரும், நீங்களாகக் கேட்டால்தான். தேதி தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய முடிந்தது. ரத்து அபராதமும் பயண நாள் நெருங்க நெருங்க ஏறி, கடைசியில் முழுத் தொகையும் போய்விடும். 'திருப்பித் தராத முன்பணம்' என்ற மலிவுக் கட்டணத்தை எடுக்குமுன் யோசியுங்கள்.

பாஸ்போர்ட் பயணம் முடிந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று தனித்தனியாகப் பாருங்கள், நீங்கள் கீழே இறங்கப் போவதில்லை என்றாலும். மத்தியதரைக் கடல் பயணங்கள் பலவற்றில் கப்பல் ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) கிளம்பி, துருக்கி போல அதற்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டு, மறுபடி ஷெங்கனுக்குள் நுழையும். ஒருமுறை நுழைவு விசா அங்கே உதவாது, பலமுறை நுழைவு வேண்டும். ஆவணம் சரியில்லையென்றால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவார்கள், பணமும் திரும்பாது.

கர்ப்பிணிகள் கவனிக்க: பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரிய நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் பயணத்துக்குப் பன்னிரண்டு மாதம்.

காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். கப்பல் மருத்துவமனையில் பார்த்தால் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும், நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் தொகை தலைசுற்ற வைக்கும். அவசர மருத்துவ வெளியேற்றம் பாலிசியில் உண்டா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

5. பானத் திட்டம் லாபமா?

நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டு, ஒவ்வொரு பானத்துக்கும் தனியாகக் காசு கொடுக்காமல் குடிப்பதுதான் பானத் திட்டம். நாளுக்கு 70 டாலர் திட்டம், தனியாக வாங்கினால் ஒரு காக்டெயில் 13 டாலர் என்று வைப்போம். இரண்டின் மேலும் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் விழும் என்பதால் அதை விட்டுவிட்டே கணக்கிடலாம். 70-ஐ 13-ஆல் வகுத்தால் ஐந்தைத் தாண்டுகிறது. அதாவது தினமும் ஆறு குடித்தால்தான் லாபம், ஏழு நாளுக்குச் சுமார் 38. மூன்று நாள் கரையில் சுற்றிவிட்டு மாலையில் இரண்டு மட்டும் குடிப்பீர்கள் என்றால், மற்ற நான்கு நாளும் நாளுக்கு எட்டு வீதம் குடிக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது நஷ்டக் கணக்கு.

இன்னொரு கண்ணி: பல நிறுவனங்களில் ஒருவர் மதுத் திட்டம் வாங்கினால் அதே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும், பயணம் முழுவதற்கும். தண்ணீர், சாதாரணக் காபி, டீ இலவசம். குளிர்பானம், எஸ்ப்ரெசோ வகைக் காபி பொதுவாகக் காசுக்குத்தான்.

வைஃபை, கரைச் சுற்றுலா, தனிக்கட்டண உணவகம் எதுவானாலும் ஏறுவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்கினால் கப்பலில் வாங்குவதைவிட வழக்கமாக மலிவு. பெரிய உணவுக்கூடம், பஃபே, மேடை நிகழ்ச்சி, குளம், ஜிம் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். அவற்றை வைத்தே ஒரு வாரத்தைத் தாராளமாக ஓட்டலாம்.

6. துறைமுகம் வேறு, ஊர் வேறு

பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று இருக்கும், கப்பல் நிற்பது சிவிட்டவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கி.மீ. 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர் துறைமுகம், ஏறக்குறைய 200 கி.மீ. 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே, போக மட்டும் மூன்று மணி நேரம். எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலில் ஆறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்காமல் துறைமுகப் பெயரை வரைபடத்தில் தேடுங்கள்.

தூரம் அதிகமென்றால் கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போங்கள், விலை கூடினாலும் சரி. அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவு உங்களுடையது. துறைமுகத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போக முடிகிற இடங்களில் சுற்றுலா எதுவும் வாங்கத் தேவையில்லை. சொந்தமாகச் சுற்றினால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கப்பலின் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில இடங்களில் வேறுபடும், போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் நேரத்தை வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

சாண்டோரினி போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில் போக வேண்டும், வரிசைக்கே நேரம் போகும்.

7. பெட்டியில் என்ன

தீ விபத்து ஆபத்து என்பதால் அயர்ன் பாக்ஸ், கெட்டில், மெழுகுவர்த்தி எடுத்துச் செல்லக் கூடாது. மின்னெழுச்சித் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள பலமுனைப் பிளக்கையும் பறிமுதல் செய்வார்கள், கப்பலின் மின்னமைப்பில் அது தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தடுப்பு இல்லாத, பல யுஎஸ்பி முனைகள் கொண்ட சிறு சார்ஜர் எடுத்துப் போங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நான்கு போதும், தொப்பியும் ஈரத்துணியும் தொங்கவிடலாம். கப்பல் ஆட்டத்தால் வரும் வாந்தி, தலைசுற்றலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வயிறு புரட்டிய பிறகு போட்டால் பயன் குறைவு.

8. ஏறும் நாள்

முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாதுகாப்புப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். 2012-இல் கோஸ்டா கன்கோர்டியா என்ற குரூஸ் கப்பலின் விபத்தில், புதிதாக ஏறிய பலர் பயிற்சி பெறாமலே இருந்தார்கள். அதன் பிறகு சர்வதேச விதியே மாறி, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடன் நடத்த வேண்டும் என்று ஆனது.

சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

9. போனும் கணக்கும்

கரை மறையுமுன் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்துவையுங்கள். கப்பலின் சொந்த மொபைல் சிக்னலில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் செயற்கைக்கோள் ரோமிங் கட்டணம் ஏறும்.

கப்பலில் காசு கையில் கொடுக்க வேண்டியதில்லை, அறை அட்டையைத் தேய்த்தால் போதும். செலவு கைமீறுவதும் அதனால்தான். கணக்குடன் டெபிட் கார்டை இணைத்தால் நிறுவனம் முன்கூட்டியே ஒரு தொகையை முடக்கிவைக்கும், அது விடுபட இறங்கிய பிறகும் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டு நல்லது. இல்லையேல் ரொக்கமாக முன்பணம் கட்டி, அது தீர்ந்தால் நிறுத்திவிடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் மோசமாக இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை செயலியிலோ டிவியிலோ கணக்கைப் பாருங்கள். குடிக்காத பானம், எடுக்காத போட்டோ ஏறியிருந்தால் அன்றே கேளுங்கள். கடைசி இரவில் வரவேற்பு மேஜை முன் நீண்ட வரிசை நிற்கும்.

10. இறங்கும் நாள்

முந்தின இரவே பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட்டை எடுத்துவைத்த பிறகு வையுங்கள். இரவு உடையோடு நிற்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. எல்லாப் பெட்டியையும் நீங்களே தூக்க முடியுமென்றால் முதலில் இறங்கும் குழுவில் சேரலாம். எப்படியானாலும் திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பிறகே பதிவுசெய்யுங்கள். துறைமுகம் விமான நிலையத்துக்குத் தொலைவென்றால் மாலை மூன்று மணிக்குப் பிறகு.